முறிந்த காலுக்கு முதல் நாள்தான் முக்கியம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. வகுப்புக்கு வரமுடியாதவர்களுக்காக இங்கு தரப்படுகிறது.)



வழக்கமாக நாம் கூடினால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், வீட்டைப் பற்றிப் பேசுவோம், சேமலாப நிதியைப் பற்றிப் பேசுவோம். இன்று நம் கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கையால் கொழுந்து எடுக்கிறோம் என்று சொல்கிறோம். ஆனால் அந்தக் கையை மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால். கால் முறிந்தால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அடுப்பில் உலை இல்லை.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் அந்த அம்மாவின் பெயரும் வேண்டாம்.

என்னிடம் தரம் 8இல் படித்த ஒரு பையனின் அம்மா அவர். ஒருநாள் காலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்தது. எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவரும் ஓடினார். புல் மூடிக் கிடந்த கானுக்குள் இடது கால் போய் விழுந்தார். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் தொடையைப் பிடிக்க, முழங்காலுக்குக் கீழே கால் தொங்கியபடி தூக்கிக்கொண்டு வந்து, கொழுந்து ஏற்றும் ட்ரக்டரில் கிடத்தினார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் குளவிக் கொட்டுக்கு மருந்து கொடுத்தார்கள். கால் வீங்கியிருந்தது. சுளுக்காக இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம் என்று லயத்துக்கு அனுப்பினார்கள். அன்று மாலையே உறவுக்காரர்கள் எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்து, இறுக்கிக் கட்டவைத்தார்கள். இரவெல்லாம் அந்த அம்மா கத்தினார். கட்டு இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு கூடும் என்று சொல்லி, யாரும் அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் கால் விரல்கள் கறுத்து, தொட்டால் தெரியாமல் போனது. அதன்பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் செத்துப்போன தசையைத் திருப்பிக் கொடுக்க எந்த டொக்டராலும் முடியாது. இன்று அவர் நடக்கிறார். ஆனால் பாதம் தொங்கிப் போய்விட்டது. சரிவில் நிற்க முடியாது. மலைக்குப் போக முடியாது. அந்த ஒரு தவணை முழுவதும் மகன் பாடசாலைக்கு வரவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தான்.

நட்டஈடு கேட்டு நாம் போனபோது, விபத்துப் புத்தகத்தில் இரண்டே சொல் இருந்தது: "குளவிக் கொட்டு". விழுந்ததைப் பற்றி ஒன்றுமில்லை. கால் வீட்டில் விழுந்து முறிந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விவகாரம் இன்னும் இழுபடுகிறது.

இதில் என் பங்கையும் சொல்லவேண்டும். அன்று காலையே எனக்குத் தகவல் வந்தது. "குளவி கொட்டிடுச்சு சார், டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்று தலைவர் சொன்னார். "சரி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். "விழுந்தாரா?" என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் இன்று உங்கள் முன்னால் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மலையில் செய்யவேண்டியது

தொடை எலும்புதான் உடம்பிலேயே மிகப் பெரிய எலும்பு. அது முறிந்தால் வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாவிட்டாலும், தொடைக்குள்ளேயே ஒரு லீற்றருக்கும் மேல் இரத்தம் போய்விடலாம். ஆள் வெளிறி, வியர்த்து, மயங்குவது அதனால்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். எலும்புக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் தோல் மட்டுந்தான் இருக்கிறது. அதனால் அந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது அதிகம்.

முறிந்த எலும்பின் முனை உடைந்த போத்தல் மாதிரி. நாம் தூக்கி ஆட்டுகிற ஒவ்வொரு முறையும் அது பக்கத்திலுள்ள தசையையும் நரம்பையும் இரத்தக் குழாயையும் வெட்டுகிறது. ஆகவே முதல் வேலை தூக்குவது அல்ல. குளவி, மண்சரிவு, மரம் விழுவது போன்ற வேறு ஆபத்து அந்த இடத்தில் இல்லையென்றால், காலை அசையாமல் கட்டும்வரை ஆளை அங்கேயே படுக்க வையுங்கள்.

கட்டுவதற்கு என்ன வேண்டும்? நம்மிடம் இருப்பதே போதும். இரண்டு பலகை அல்லது நேரான இரண்டு கம்பு. உள்ளே மெத்தென்று வைக்கச் சாக்கு, படங்கு, பழைய துணி. தொடையில் முறிவு என்றால் வெளிப்பக்கக் கம்பு அக்குளிலிருந்து பாதம் வரை நீளமாக இருக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே என்றால் தொடை நடுவிலிருந்து பாதம் வரை. முறிந்த இடத்துக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையக்கூடாது, இதுதான் கணக்கு. கம்பே கிடைக்காவிட்டால் நல்ல காலையே பலகையாக வைத்து, இரண்டு காலுக்கும் நடுவில் துணி வைத்து, சேர்த்துக் கட்டுங்கள். முறிந்த இடத்தின் மேலேயே முடிச்சுப் போடாதீர்கள். கட்டு ஆடாமல் இருந்தால் போதும், நெரிக்கக்கூடாது. கட்டிய பிறகு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்கவேண்டும்.

கால் வீங்குவதற்கு முன்பே கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு அவை விரலை அறுக்கும் கம்பியாகிவிடும்.

எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். இரத்தம் ஓடினால் அந்தத் துணியின் மேல் அழுத்திப் பிடியுங்கள், எலும்பின் மேல் அழுத்தாதீர்கள். கோப்பித் தூள், மஞ்சள், தேயிலைத் தூள், மண்ணெண்ணெய் ஒன்றும் போடவேண்டாம். அதைக் கழுவி எடுப்பதே டொக்டர்மாருக்குத் தனி வேலையாகிவிடும்.

சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். "பாவம், ஒரு வாய் தேத்தண்ணி" என்று நாம் அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் வயிறு நிறைய இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாமல் சத்திரசிகிச்சை பல மணித்தியாலம் தள்ளிப்போகும்.

1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அம்புலன்ஸ் மேலே வரமுடியாத பாதை என்றால் எந்தச் சந்தியில் காத்திருக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். அதுவரை இரண்டு கம்பில் கம்பளியைச் சுற்றியோ, ஒரு கதவுப் பலகையிலோ படுக்கவைத்து, நான்கு பேர் ஒரே அளவாகத் தூக்கி இறக்குங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். லிவர்பூல் துறைமுக நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஹியூ ஓவன் தோமஸ் என்று ஒரு டொக்டர் இருந்தார். காலை அசையாமல் நீட்டிப் பிடிக்கும் ஒரு இரும்புச் சட்டத்தை அவர் உருவாக்கினார். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, முதலாம் உலக யுத்தத்தில், தொடை முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தைப் போர்க்களத்திலேயே கட்டி அனுப்பத் தொடங்கியதும் சாவு பெரிதும் குறைந்தது. விழுந்த இடத்திலேயே காலை அசையாமல் கட்டியது அத்தனை உயிரைக் காப்பாற்றியது.

அந்தச் சட்டத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகப் பாடுபட்டவர் தோமஸின் உறவினரும் மாணவருமான ரொபர்ட் ஜோன்ஸ். அவர் இந்த வேலையைக் கற்றது தொழிலாளரிடம். 1888இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டும் வேலைக்கு அவர் டொக்டராக நியமிக்கப்பட்டார். 36 மைல் நீளம், 10,000க்கு மேற்பட்ட கூலித் தொழிலாளர். மண் சரிந்தும் தண்டவாளத்தில் சிக்கியும் தினமும் கை, கால் முறிந்தது. அவர் கால்வாய் நெடுகிலும் முதலுதவி நிலையங்களையும் மூன்று ஆஸ்பத்திரிகளையும் அமைத்து, அடிபட்டவர் உடனே வந்துசேர வழி செய்தார். விபத்துச் சேவை என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கங்களில் அது ஒன்று. 130 வருடத்துக்கு முன் மண்வெட்டிய தொழிலாளருக்குக் கிடைத்தது, இன்று நம் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கவேண்டும் என்று நாம் கேட்பது பேராசை அல்ல.

முறிவு வைத்தியர் பற்றி

எண்ணெய் போட்டுக் கட்டும் வைத்தியரை நான் இழிவாகப் பேசப் போவதில்லை. நம் பெரியவர்கள் பலரின் சுளுக்கும் பிசகும் அவர்கள் கையால்தான் குணமாகியது. நான் சொன்ன தோமஸின் அப்பாவும் பட்டம் பெறாத முறிவு வைத்தியர்தான். பரம்பரை பரம்பரையாக எலும்பு கட்டிய குடும்பம். அந்த மனிதர் தன் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். முதலில் எக்ஸ்ரே. எந்தக் கைக்கும் உள்ளே பார்க்கும் கண் கிடையாது. எலும்பு முறிந்திருக்கிறதா, மூட்டுக்குள் போயிருக்கிறதா, எத்தனை துண்டு என்பதைப் படம்தான் காட்டும். காயம் இருந்தாலும், கால் வளைந்திருந்தாலும், காலை ஊன்ற முடியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இறுக்கிக் கட்டினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நம் காலின் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. முறிந்தால் உள்ளே இரத்தமும் வீக்கமும் சேரும். உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தம் போக வழியில்லாமல் தசை மூச்சுத் திணறுகிறது. வெளியே இறுக்கக் கட்டினால் இது இன்னும் சீக்கிரம் வரும். கட்டே இல்லாமலும் வரலாம், ஆஸ்பத்திரியில் போட்ட பத்துக்குள்ளும் வரலாம். சுமார் 6 மணித்தியாலம் இப்படியே போனால் தசை சாகத் தொடங்கும். அடையாளம் என்ன? மருந்துக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. கால் விரலை மெதுவாக நீட்டினாலே உயிர் போகிற வலி. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகுவது. விரல் மரத்துப் போவது. விரல் கறுப்பதற்குக் காத்திருக்கக்கூடாது, அது கடைசி அடையாளம். இப்படி வந்தால் கட்டை உடனே தளர்த்தி, இரவோ பகலோ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே உறையை நீளமாகக் கீறி அழுத்தத்தை இறக்குவார்கள். அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் செய்தது அதைத்தான். முதல் இரவே செய்திருந்தால் இன்று அவர் மலையில் நிற்பார்.

ஆஸ்பத்திரியில்

நம் ஆட்களுக்கு இரண்டு பயம். ஒன்று, "காலை வெட்டிவிடுவார்கள்". இன்னொன்று, "கம்பி வைத்தால் காலம் முழுக்க வேலை செய்ய முடியாது". இந்தப் பயத்தில் கையெழுத்துப் போடாமல் வாட்டிலிருந்து கூட்டிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லா முறிவுக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. எலும்பு விலகாமல் நேராக இருந்தால் பத்துப் போட்டே குணமாக்குவார்கள். விலகியிருந்தால், நேராக்கினாலும் நிற்காவிட்டால், மூட்டுக்குள் முறிந்திருந்தால், தோல் கிழிந்திருந்தால் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும்.

நம் தாத்தா காலத்தில் தொடை முறிந்தவரின் காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். முதுகெல்லாம் புண் வரும். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் குன்ட்சர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடை எலும்பின் நடுவிலுள்ள மச்சைக் குழாய்க்குள் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தினார். அப்போது பலர் நம்பவில்லை. யுத்தக் கைதிகளாக இருந்தவர்கள் ஊர் திரும்பியபோது, எக்ஸ்ரேயில் அவர்களின் தொடைக்குள் கம்பியைப் பார்த்து வேற்று நாட்டு டொக்டர்கள் வியந்தார்கள். இன்று தொடைக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் உலகம் முழுவதும் செய்வது அதன் வளர்ச்சிதான். கம்பியின் இரண்டு முனையிலும் குறுக்கே ஆணி முடுக்குவதால் கால் சுழலாது, குறுகாது. பல நாட்கள் கழித்தல்ல, சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் எழும்பி நிற்கவைப்பார்கள். அந்தக் கம்பி துருப்பிடிக்கிற இரும்பு அல்ல. எல்லோருக்கும் அதைத் திரும்ப எடுக்கவேண்டியதும் இல்லை.

கரண்டைக்கால், முழங்கால் மூட்டு முறிந்தால் தகடும் ஆணியும் வைப்பார்கள். மூட்டு என்பது கதவுப் பிணைச்சல் மாதிரி. கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் தேய்ந்து தேய்ந்து வலி கொடுக்கும்.

தோல் கிழிந்து எலும்பு வெளிவந்த முறிவு வேறு கணக்கு. அதற்கு முதல் எதிரி கிருமி. கிருமிநாசினி மருந்து எவ்வளவு சீக்கிரம் உடம்புக்குள் போகிறதோ அவ்வளவு நல்லது. ஏற்பு ஊசியும் போடவேண்டும். பிறகு தியேட்டரில் வைத்து மண்ணையும் செத்த தசையையும் கழுவி அகற்றுவார்கள். ஒருமுறை போதாமல் மறுபடியும் கொண்டுபோகலாம். காயம் சுத்தமாகும்வரை எலும்பை வெளியிலிருந்து பிடித்துவைக்க, ஆணிகளைச் செலுத்தி வெளியே ஒரு சட்டம் பூட்டுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதுதான் காலைக் காப்பாற்றும் சட்டம். காலை வெட்டுவது டொக்டருக்கு ஆசை அல்ல. பெரும்பாலும் தாமதம்தான் அந்த நிலைக்குக் கொண்டுபோகிறது.

"ஒரு கிழமையாக வாட்டில் சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று கோபப்பட்டு எனக்குப் போன் செய்வார்கள். சில நேரம் தியேட்டரில் வரிசை நீளம், அது உண்மை, கேட்கவேண்டிய விஷயம். ஆனால் சில நேரம் வேண்டுமென்றே காத்திருக்கிறார்கள். கரண்டைக்கால் வீங்கிக் கொப்புளித்திருக்கும்போது கீறினால் தோல் மூடாது, புண் ஆறாது. வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருப்பதும் சிகிச்சைதான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேளுங்கள். தெரிந்துகொண்டால் கோபம் வராது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எப்போது கால் ஊன்றலாம்? சிங்களம் புரியாவிட்டால் தமிழில் விளங்கப்படுத்தக் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கெஞ்சவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மொழி தெரிந்த ஒரு பிள்ளையை, நம் பாடசாலையில் படித்த பிள்ளையை, கூட அனுப்புங்கள்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சன் எடுத்த பாட்டி லயத்துப் படியில் வழுக்கி விழுகிறார். எழும்ப முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. அது இடுப்பு மூட்டு முறிவாக இருக்கும். "வயசாகிவிட்டது, இனி எதற்கு ஆப்பரேசன்" என்று வீட்டில் படுக்கவைக்காதீர்கள். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். பலர் சாவது முறிவால் அல்ல, படுக்கையால். ஒன்றிரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்து அடுத்த நாளே உட்காரவைத்து நிற்கவைப்பதுதான் இன்றைய முறை. அந்தப் பாட்டி நம்மை வளர்த்தவர். அவருக்கும் நடக்க உரிமை இருக்கிறது.

லயத்துக்குத் திரும்பிய பிறகு

துண்டு வெட்டி வீட்டுக்கு வந்ததும் வேலை முடியவில்லை. எலும்பைச் சேர்த்துப் பிடிப்பதுதான் கம்பி. எலும்பைக் கூட்டுவது நம் உடம்பு. கெண்டைக்கால் எலும்பு கூடப் பொதுவாக நான்கு, ஐந்து மாதம் ஆகலாம். சிலருக்கு அதற்கும் மேல்.

எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று டொக்டர் சொன்னபடி ஊன்றுங்கள். ஊன்றாதே என்று சொன்னால் ஊன்றக்கூடாது. ஊன்று என்று சொன்ன பிறகு பயந்து படுத்திருப்பதும் தவறு. பிசியோதெரபியில் காட்டிய பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். முழங்கால் மடங்காமல் இறுகிப்போனால் எலும்பு கூடியும் பயனில்லை.

முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை, கீரை, பால் இவற்றில் முடிந்ததைக் கொடுங்கள். சுருட்டையும் பீடியையும் நிறுத்துங்கள், வெற்றிலையில் புகையிலையையும் நிறுத்துங்கள். புகையிலையிலுள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். இரத்தம் போகாத இடத்தில் எலும்பு கூடாது. சீனி வருத்தம் இருந்தால் மருந்தைத் தவறவிடாதீர்கள்.

காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் அல்லது நாற்றம், அடங்காத வலி, கெண்டைக்கால் திடீரென்று வீங்குவது, மூச்சு முட்டுவது, நெஞ்சு நோவு. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்கவேண்டாம், உடனே போங்கள்.

இன்னொன்று தலைவிமாருக்கு. முறிந்த காலோடு ஒருவர் லயத்தில் இருந்தால் அவருக்குத் தண்ணீரும் விறகும் யார் கொண்டுவருவது, கழிவறைக்கு யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று பாருங்கள். அந்த வேலையெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பும் முறிகிறது. முறைபோட்டுச் செய்தால் யாருக்கும் பாரமில்லை. கிளினிக் நாளில் வாகனத்துக்குத் தோட்டக் கமிட்டி முன்நின்று ஒழுங்கு செய்யுங்கள்.

புத்தகத்தில் எழுதவேண்டியது

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உரியது. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் நட்டஈடு கொடுக்கவேண்டியது தொழில் கொடுப்பவரின் கடமை. "நீ பார்த்து நடந்திருக்கவேண்டும்" என்று சொல்லி மட்டும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2022இல் வந்த திருத்தத்தால், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்தும் இதற்குள் வந்திருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோரிக்கையை வைக்கவேண்டும். ஆனால் அந்த இரண்டு வருடத்துக்கும் அடித்தளம் முதல் நாள் எழுதும் நான்கு வரிதான்.

அந்த நான்கு வரியில் என்ன இருக்கவேண்டும்? எத்தனை மணி, எந்த மலை, என்ன வேலை. எப்படி விழுந்தார். உடம்பின் எந்த இடத்தில் அடி, வலதா இடதா. பார்த்தவர் யார். "குளவி கலைந்து ஓடும்போது புல் மூடிய கானில் விழுந்து இடது காலில் அடி" என்று எழுதவேண்டும். "குளவிக் கொட்டு" என்று எழுதினால் போதாது. எழுதியதைத் தலைவர் வாசித்துப் பார்க்கவேண்டும், போனில் படம் எடுத்துவைக்கவேண்டும். பார்த்த இரண்டு பேரின் வாக்குமூலத்தை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆஸ்பத்திரியிலும் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். அங்கும் "வேலை செய்யும்போது மலையில் விழுந்தேன்" என்றே சொல்லுங்கள். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவையுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை. ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு தூக்குப் படுக்கை, கால் கட்டும் பலகைகள், முதலுதவிப் பெட்டி. காடாகிப்போன மலைகளில் ஆளை இறக்குமுன் கான்களைத் துப்புரவு செய்வது. குளவிக் கூட்டை அகற்றிய பிறகே கொழுந்துக்கு அனுப்புவது. விழுந்தவர் எல்லோரையும் எக்ஸ்ரேக்கு அனுப்புவது.

நாம் செய்யவேண்டியது, ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் முதலுதவி பழகுவது. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு பலகையும் சாக்கும் வைத்துக் கட்டிப் பார்க்கப் போகிறோம். கேட்டுவிட்டுப் போவதற்கல்ல, உங்கள் கையாலேயே ஒருமுறை கட்டிப் பழகிவிட்டுப் போகவேண்டும்.

அந்தப் பையன் இப்போது பாடசாலைக்கு வருகிறான். ஒரு தவணைப் பாடம் பின்தங்கியதைப் பின்னேரத்தில் சொல்லிக் கொடுக்கிறேன். அவன் அம்மாவின் விவகாரத்தில், கானில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு தாய்மார் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

இனி மலையிலிருந்து எந்தத் தகவல் வந்தாலும், குளவி என்றாலும், பாம்பு என்றாலும், மயக்கம் என்றாலும், முதலில் கேளுங்கள்: "விழுந்தாரா? கால் ஊன்ற முடிகிறதா?" நானும் கேட்பேன்.